தோல், எலும்புக் கழிவிலிருந்து வச்சிரப் பசை காய்ச்சும் தொழில் நெல்லையில் நடக்குமா?

கேள்வி: பொருநைக்கரையான், மேலப்பாளையம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரின் ஆட்டுச் சந்தையை நெல்லைச் சீமையில் அறியாதவர்கள் இருக்க முடியாது. சந்தையும் அதை ஒட்டிய இறைச்சிக் கடைகளும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால், தோல் வியாபாரிகள் உப்பிட்ட தோலை வாங்கிச் சென்ற பிறகு மிஞ்சும் எலும்பு, தசைநார், காது, தோல் ஓரம், குளம்பு, கொம்பு ஆகியவற்றுக்கு இங்கே விலை இல்லை. அவை குப்பை வண்டியில் ஏறுகின்றன, அல்லது வாய்க்கால் ஓரத்தில் விழுகின்றன. பல ஊர்களுக்குக் குடிநீர் தரும் தாமிரபரணியில் போய்ச் சேரும் வாய்க்கால்கள் அவை என்பதால், இதைக் கண்டும் காணாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் வேதியியல் படித்தவன். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து இந்தக் கழிவிலிருந்து வச்சிரம் தயாரிக்கும் சிறு தொழில் தொடங்கலாமா என்று யோசித்து வருகிறேன். கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கு வச்சிரம் தொடர்ந்து தேவைப்படுகிறது என்று கேள்விப்பட்டேன். இதே மூலப்பொருளிலிருந்துதான் மருந்துக் கூடுகளுக்கான (கேப்சூல்) ஜெலட்டினும் வருகிறது என்று படித்ததால், முதலிலேயே ஜெலட்டினை நோக்கிப் போய்விடலாமா என்ற ஆசையும் இருக்கிறது. சிறிய அளவில் இது முடியுமா, எந்தக் கழிவு எதற்கு உதவும், வாங்குபவர்கள் எதைப் பார்த்து வாங்குவார்கள் என்பவற்றை இத்துறையில் இருந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சாரல்வாசி, தென்காசி

தம்பி, கேரளத்தில் ஒரு ஜெலட்டின் ஆலையின் உற்பத்திப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்டிருப்பதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால் அது உங்களைத் தவறான முதலீட்டில் கொண்டுபோய் விடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குளம்பையும் கொம்பையும் முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை; எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் அவற்றிலிருந்து வச்சிரம் இறங்காது. நமக்கு வேண்டியது தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றில் இருக்கும் கொலாஜன். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறுபோல் நிற்கும் அமைப்பு அது. குளிர்ந்த நீரில் கரையாது. முன்பதப்படுத்திய பிறகு வெந்நீரில் இட்டால் முறுக்கு அவிழ்ந்து, சங்கிலிகள் ஓரளவு அறுபட்டு, நீரில் இறங்குகின்றன. ஆறும்போது அவை மீண்டும் அங்கங்கே பின்னிக்கொள்வதால்தான் கரைசல் கூழ்போல் உறைகிறது. வச்சிரம், ஜெலட்டின் என்று இரண்டு பெயர் சொன்னாலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான். தூய்மையும், சங்கிலி எவ்வளவு நீளமாகத் தப்பிப் பிழைத்தது என்பதுமே இரண்டையும் பிரிக்கின்றன. நீளமான சங்கிலி வலுவான கூழைத் தரும். கொதிக்க வைத்தோ அழுக விட்டோ அறுத்துவிட்டால், எடை குறையாது, வலு மட்டும் போய்விடும். இந்தத் தொழிலின் வெற்றி தோல்வி முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் வழியைச் சொல்கிறேன். எலும்பை நொறுக்கி, கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். எலும்பின் எடையில் பெரும்பகுதியான கால்சியம் பாஸ்பேட் அமிலத்தில் கரைந்துவிட, எலும்பின் வடிவம் மாறாமல் ரப்பர்போல் வளையும் ஒரு பொருள் எஞ்சும். அதற்கு ஒசீன் என்று பெயர். வடிகட்டிய அமிலக் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்தால் டைகால்சியம் பாஸ்பேட் படியும். அது கோழி, கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது. ஒசீனைச் சுண்ணாம்புப் பாலில் பல வாரங்கள் ஊறப்போட்டு, கழுவி, நடுநிலைப்படுத்தி, பிறகுதான் வெந்நீரில் இறக்குவார்கள். இப்படிக் காரவழியில் வருவது பி வகை ஜெலட்டின். பன்றித்தோலைக் குறுகிய காலம் அமிலத்தில் மட்டும் பதப்படுத்தி எடுப்பது ஏ வகை. ஏ வகையின் மின்நடுநிலைப் புள்ளி, அதாவது புரதத்தின் மின்னேற்றம் சுழியாகும் அமில காரத் தன்மை எண் (pH), சுமார் 7 முதல் 9 வரையும், பி வகையினுடையது 5-ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டையும் எதனோடு சேர்க்கலாம், எதனோடு சேர்க்கக் கூடாது என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

இந்த வழியை நீங்கள் எண்ணிப் பார்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அருகில் சாகுபுரத்திலேயே உற்பத்தியாகிறது, சுண்ணாம்புக்குத் தாழையூத்துப் பக்கம் இருக்கிறது என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கழுவும் நீர் உற்பத்திப் பொருளின் எடையைப்போல் பல மடங்கு செலவாகும். அந்த நீர் முழுவதும் குளோரைடும் சுண்ணாம்பும் கரைந்த புரதமுமாக வெளியேறும். கேரளத்தில் இத்தகைய ஒரு தொழிலின் கழிவுநீரை எதிர்த்து ஊர்மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை அருகிலிருந்து பார்த்தவன் நான். வச்சிரம், ஜெலட்டின் தயாரிப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிக மாசு தரும் தொழில்களுக்கு வைத்துள்ள சிவப்புப் பிரிவில் வருவது காரணமில்லாமல் அல்ல. ஆற்றைக் காப்பாற்ற நினைத்துத் தொடங்கும் தொழில் ஆற்றுக்கே கேடாகிவிடக் கூடாது.

எலும்பை அமிலமில்லாமல் அழுத்தக் கலனில் நீராவி செலுத்தி இறக்கும் பழைய முறையும் உண்டு. 100 டிகிரிக்கு மேல் போகும் வெப்பம் சங்கிலிகளை அறுத்துவிடுவதால், கறுத்த, வலுக் குறைந்த எலும்பு வச்சிரமே அதில் கிடைக்கும்.

சிறு அளவில் செய்யத்தக்கது தோல் வச்சிரம். தோல் ஓரம், காது, தசைநார் ஆகியவற்றைச் சுண்ணாம்புப் பாலில் ஊறவைத்தால் முடி கழலும், கொழுப்பு சோப்பாக மாறும், நார்கள் பிரிந்து கொடுக்கும். பிறகு நன்றாகக் கழுவி, நீர்த்த அமிலத்தால் மிச்சக் காரத்தைப் போக்கி, 55 அல்லது 60 டிகிரி நீரில் முதல் இறக்கம், அதாவது வெந்நீரில் கரைந்து வரும் முதல் சாறு, எடுக்க வேண்டும். வடித்த பிறகு புதுநீர் விட்டு வெப்பத்தைச் சற்று உயர்த்தி இரண்டாவது, மூன்றாவது என்று போகலாம். முதல் இறக்கம் வெளிர் நிறமும் அதிக வலுவும் உடையது. கடைசி இறக்கம் கறுத்தது, நலிந்தது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துவிடுபவர் தன் நல்ல சரக்கைத் தானே விலை குறைத்துவிடுகிறார். நீரைக் குறைக்கும்போதும் அதிகம் சூடாக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஆலைகளில், குறைந்த வெப்பத்திலேயே நீர் ஆவியாகும் வெற்றிடக் கலன்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குரோம் பதனிட்ட நீலநிறத் தோல் சீவல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்; குரோமியம் கொலாஜனைப் பூட்டி வைத்திருப்பதால் எளிதில் இறங்காது, இறங்கினாலும் அந்த நச்சு உங்கள் சரக்கிலும் சாக்கடையிலும் சேரும். அடுத்து, கால்நடை மருத்துவர் பார்த்து அறுக்கப்பட்ட ஆடுமாடுகளின் கழிவை மட்டும் எடுங்கள். தானாகச் செத்த மாட்டின் எலும்பிலும் தோலிலும் அடைப்பான் நோயின் கிருமி நெடுங்காலம் உயிரோடு இருக்கும். அது கையாளுபவரைக் கொன்றுவிடக் கூடியது.

பதில் 2: கரிசல்காட்டான், கோவில்பட்டி

தீப்பெட்டித் தொழிலுக்கு மூலப்பொருள் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். 1986-இல் மாவட்டம் பிரியும் வரை நாங்களும் நெல்லை மாவட்டம்தான் என்பதால், உரிமையோடே பதில் சொல்கிறேன்.

வச்சிரம் எங்களுக்குத் தேவைதான். தீக்குச்சித் தலையின் எடையில் ஏறக்குறையப் பாதி பொட்டாசியம் குளோரேட். அதனோடு கந்தகம், கண்ணாடித் தூள், நிறம் முதலியவை சேரும். இவற்றையெல்லாம் குச்சியின் நுனியில் பிடித்து நிறுத்துவது வச்சிரம்; அதன் அளவு தலை மருந்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். அளவு சிறிது என்றாலும் அதன் வேலை ஒட்டுவதோடு முடிவதில்லை. வெதுவெதுப்பான மருந்தில் குச்சியை முக்கி எடுத்த உடனே அது உறைய வேண்டும்; இல்லையென்றால் மருந்து வழிந்து, தலை உருண்டையாக நிற்காமல் ஒரு பக்கம் சரிந்துவிடும். கலக்கும்போது நுண்ணிய நுரை பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சிறு காற்றறைகள் இருந்தால்தான் உரசிய உடன் சீராகப் பற்றும். பற்றிய பிறகு தானும் எரிந்து, கரியாகித் தலையை உதிராமல் தாங்க வேண்டும். இத்தனையையும் ஒரே பொருள் செய்வதால்தான், பெட்டி ஒட்டுவதற்கு வேறு பசைகள் வந்துவிட்ட பின்னும் தலை மருந்தில் வச்சிரம் நிலைத்திருக்கிறது.

நாங்கள் பார்ப்பது மூன்று. முதலாவது, கொழுப்பு. சிறிது கொழுப்பு இருந்தாலும் நுரை அமுங்கிவிடும். வச்சிரக் கரைசலைக் கொஞ்சம் சாயத்தோடு கலந்து வெள்ளைத் தாளில் தூரிகையால் இழுத்துப் பாருங்கள். இடையிடையே வெள்ளைப் புள்ளி விழுந்தால் கொழுப்பு இருக்கிறது என்று பொருள். இரண்டாவது, ஒவ்வொரு மூட்டையும் ஒரே தன்மையாக இருப்பது. ஒரு வாரம் கெட்டியாகவும் மறு வாரம் நீர்த்தும் வந்தால், மருந்துக் கலவையின் அளவையே ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியிருக்கும். எந்த முதலாளியும் அதை ஏற்க மாட்டார்.

மூன்றாவது எல்லாவற்றிலும் முக்கியம். அமிலம் மிச்சமிருக்கும் வச்சிரம் எங்கள் தொழிலில் உயிருக்கு ஆபத்து. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையில் அமிலம் பட்டால், உரசல் இல்லாமலே தீப்பிடிக்கும் நிலை உண்டாகலாம். மருந்து முக்கும் அறையில் மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே காரத்தைப் போக்க அமிலம் விடும் கட்டத்தில் நீங்கள் அவசரப்படக் கூடாது. அமில காரத் தன்மையை ஒவ்வொரு தொகுதிக்கும் அளந்து, எழுதி, மூட்டையோடு கொடுத்தால் மட்டுமே என்னைப் போன்றவர்கள் வாங்க முடியும்.

விலையைப் பற்றி ஒரு சொல். 14 ஆண்டுகளாக 1 ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனதற்கு, குளோரேட், மெழுகு, அட்டை முதலிய மூலப்பொருள்களின் விலையேற்றமே காரணமாகச் சொல்லப்பட்டது. அருகிலேயே நல்ல சரக்கு கிடைக்குமானால் வரவேற்போம். மலிவான, நலிந்த சரக்கு எங்களிடம் விற்காது.

பதில் 3: இழைப்புளி, அம்பாசமுத்திரம்

அண்ணாச்சிமார் இருவரும் சொன்னதற்கு மேல், மர வேலைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். பழைய ஆர்மோனியம், தேக்கு அலமாரி, தொட்டில் போன்றவற்றைச் செப்பனிடுவது என் தொழில். 1959-இல் ஃபெவிகால் வந்த பிறகு வச்சிரம் காய்ச்சும் சட்டியைப் பட்டறைகள் ஓரங்கட்டிவிட்டன. அதில் நியாயம் இருந்தது. காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை, நேரம் மிச்சம். ஆனால் செப்பனிடும் வேலையில் வச்சிரத்துக்கு நிகரானது இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. வச்சிரத்தால் ஒட்டிய இணைப்பை வெப்பமும் ஈரமும் காட்டி மரத்துக்குச் சேதமில்லாமல் கழற்றலாம். பழைய வச்சிரத்தின் மேலேயே புதியது பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசை போட்டு ஒட்டிய ஆர்மோனியத் துருத்தியைப் பிரிக்கும்போது அட்டையும் தோலும் கிழிந்துதான் வருகின்றன. எந்த வாத்தியத்துக்கும் ஒருநாள் பழுது பார்க்க வேண்டி வரும் என்று எண்ணிச் செய்தவர்கள் பழைய தச்சர்கள்.

பயன்படுத்தும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். குருணையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அது நீரைக் குடித்து உப்பிய பிறகு, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்த சிறு பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்க வேண்டும். நேரடி அடுப்பில் வைக்கக் கூடாது. நல்ல வச்சிரம் குளிர்ந்த நீரில் உப்புமே தவிரக் கரையாது. கரைந்து கலங்கினால் சரக்கு அழுகலிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். கோடைப் பகலில் நம் ஊர் வெக்கைக்கு அது சீக்கிரம் உறையாது என்பதால் விடியற்காலையில் ஒட்டுவதே நல்லது.

அதன் பிடிப்பின் வலுவைப் பற்றிச் சந்தேகப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். சொரசொரப்பாக்கிய கண்ணாடியின் மேல் கெட்டியாக வச்சிரம் பூசிக் காயவிட்டால், அது சுருங்கும்போது கண்ணாடியின் மேற்பரப்பையே செதில் செதிலாகப் பெயர்த்து எடுத்துவிடும். இலைக்கோலம் விழுந்த அலங்காரக் கண்ணாடியை இப்படித்தான் செய்கிறார்கள்.

வச்சிரக் கூழை அமுக்க எத்தனை கிராம் எடை வேண்டும் என்பதை வைத்து வலுவைச் சொல்வது வழக்கம்; மரவேலைக்குப் பொதுவாக 192 கிராம் வலுவுள்ள சரக்கையும், வாத்தியங்களுக்கு 251 கிராம் சரக்கையும் வெளிநாட்டு விற்பனையாளர்கள் தருகிறார்கள். நம் நாட்டுக் கடையில் மூட்டையைப் பிரித்துத் தரும் வச்சிரத்தில் எந்த எண்ணும் இருப்பதில்லை. அளந்து, எண் எழுதிக் கொடுப்பவராக நீங்கள் வந்தால் என்னைப் போன்றவர்கள் கூடுதல் விலை கொடுக்கவும் தயங்க மாட்டோம்.

பதில் 4: மருந்தாளர், வண்ணார்பேட்டை

மருந்துக் கூடு பற்றிய ஆசையை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஜெலட்டின் உறையில் மருந்தை அடைப்பது 1834-இல் பாரிசில் காப்புரிமை பெற்ற முறை. இன்று எஃகு அச்சுக் குச்சிகளை ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுத்து, காயவைத்து, உருவி, இரண்டு பாதிகளைப் பொருத்திக் கூடு செய்கிறார்கள். அதற்கான ஜெலட்டின், மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் மருந்துநூல் (பார்மகோபியா) சொல்லும் தரத்தில், கிருமி எண்ணிக்கையும் கன உலோக அளவும் சோதிக்கப்பட்டு வர வேண்டும். கொட்டகையில் செய்யும் வேலை அல்ல அது.

சைவ உணவுக்காரர்கள் கடையில் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருளில் ஜெலட்டின் இருந்தால் அது விலங்கு மூலம் என்று உறையில் குறிப்பிட வேண்டும். சைனா கிராஸ் ஜெலட்டின் அல்ல. மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கும் கடற்பாசியிலிருந்து வரும் அகர். தாவரச் செல்லுலோசிலிருந்து செய்யும் மருந்துக் கூடுகளும் விற்பனையில் உள்ளன.

பதில் 5: இருட்டறைக்காரன், பாளையங்கோட்டை

படச்சுருள் காலத்து ஒளிப்படக்காரன் நான். 1871-இல் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் வெள்ளி புரோமைடை ஜெலட்டினில் கலந்து தகட்டில் பூசலாம் என்று காட்டிய பிறகே, படம் எடுப்பது எல்லோருக்கும் கைவரும் கலையாயிற்று. நம் உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த சுருளிலும் வெள்ளியைத் தாங்கி நின்றது ஜெலட்டின்தான். ஒரே முறையில் செய்த ஜெலட்டினிலும் சில தொகுதிகள் ஒளியை மிக நன்றாக உணர்ந்தன, சில உணரவில்லை. கோடாக் ஆய்வாளர் ஷெப்பர்டு 1920-களில் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்: மாடு மேய்ந்த கடுகுச் செடிகளிலிருந்து தோலுக்கு வந்து சேர்ந்த கந்தகச் சேர்மங்களின் மிகச் சிறிய எச்சம். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்து வைக்கும் பழக்கத்தை நீங்கள் முதல் நாளிலிருந்தே தொடங்குவது நல்லது.

கேள்வியாளர்: பொருநைக்கரையான்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒசீன், ஜெலட்டின் இரண்டையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். தோல் வச்சிரத்தை மட்டும் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். ஆனால் எங்களிடம் மிகுதியாகச் சேர்வது எலும்புதான். அதை என்ன செய்வது? வலுவை அளக்கும் கருவி இல்லாமல் எங்கள் சரக்கின் தரத்தை எப்படி அறிவது?

பதில் 6: சாரல்வாசி, தென்காசி

நல்ல முடிவு, தம்பி. எலும்பை நீங்கள் காய்ச்ச வேண்டாம், சுத்தப்படுத்தி விற்றுவிடுங்கள். அன்றன்றைக்கு வாங்கியதை அன்றே நொறுக்கி, 85 டிகிரி அளவுள்ள வெந்நீரில் குறைந்த நேரம் அலசினால் கொழுப்பு மிதந்து வரும். அதைச் சோப்பு செய்பவர்கள் வாங்குவார்கள். அதிக நேரம் வேகவிட்டால் கொலாஜனும் நீரோடு போய்விடும். அலசிய எலும்பை நம் ஊர் வெயிலில் சருகாகக் காயவைத்தால், ஒசீன் ஆலைகள் மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் காயவைப்பதற்கு மூடிய கொட்டகையும் காற்றாடியும் வேண்டியிருக்கும். அலசிய நீரையும் சுண்ணாம்பு நீரையும் தொட்டியில் தெளியவைத்து, சுத்திகரிக்க ஏற்பாடு செய்து, வாரியத்தின் அனுமதி கையில் வந்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

வலுவை அளக்கும் முறை 1925-இல் ஆஸ்கர் புளூம் என்பவர் காப்புரிமை பெற்றது. 6.67 சதவீதக் கரைசலை 10 டிகிரியில் 17 மணி நேரம் உறையவைத்து, 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள உருளைத் தண்டு அந்தக் கூழில் 4 மில்லிமீட்டர் இறங்க எத்தனை கிராம் எடை வேண்டும் என்று பார்ப்பார்கள். அந்த எண்ணே புளூம். உண்ணும் ஜெலட்டின் 50 முதல் 300 வரை இருக்கும். துல்லியமான அளவுக்குச் சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகிக் கேட்கலாம். அதுவரை, தரம் தெரிந்த ஒரு சரக்கைச் சிறிதளவு வாங்கி, அதையும் உங்களுடையதையும் ஒரே அடர்த்தியில் கரைத்து, ஒரே மாதிரிக் கிண்ணங்களில் ஊற்றி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் காலை ஒரே எடைக்கல்லை இரண்டின் மேலும் வைத்துப் பாருங்கள். எது அதிகம் அமுங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

முதல் சோதனைக்குத் தசைநாரை மட்டும் எடுங்கள். கொழுப்பும் முடியும் அதில் குறைவு. அறுத்த சில மணி நேரத்துக்குள் கழுவி உப்பிடுங்கள் அல்லது சுண்ணாம்பில் போடுங்கள்; சித்திரை வெயிலில் அரைநாள் தாமதித்தாலே அழுகல் தொடங்கிவிடும். 60 டிகிரி முதல் இறக்கத்தைத் தனியாக வடித்து, அதன் அமில காரத் தன்மையைக் குறித்துக்கொண்டு, மெல்லிய தகடாக உறையவைத்து, வலைமேல் நிழலில் காற்றோட்டமாகக் காயவைத்து, கோவில்பட்டி அண்ணாச்சிக்கும் அம்பை அண்ணாச்சிக்கும் மாதிரி அனுப்புங்கள். வெப்பநிலை, ஊறிய நாள், இறக்கத்தின் வரிசை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். எனக்கும் ஒரு பிடி அனுப்பினால் இங்கே ஊறவைத்துப் பார்த்து எழுதுகிறேன்.